சாண்ட்விச்சைப் பரப்பியது பிரபு அல்ல, ரொட்டி

சாண்ட்விச் பிறந்த கதையைக் கேட்டால் எவரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: இங்கிலாந்தின் நான்காம் சாண்ட்விச் பிரபுவான ஜான் மாண்டகு, சூதாட்ட மேசையை விட்டு எழ மனமின்றி, இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னாராம். லண்டனுக்கு வந்துபோன பியர் ழான் குரோஸ்லே என்ற பிரெஞ்சுக்காரர் 1770இல் வெளியிட்ட பயண நூலே இதற்கு மூலம். அதிலும் பெயர் சொல்லாமல் அமைச்சர் ஒருவர் என்றுதான் இருக்கிறது. கடற்படைத் துறையின் தலைமைப் பொறுப்பை வகித்த மாண்டகு, வேலை மிகுதியால் அலுவலக மேசையிலேயே அதை உண்டிருக்கக்கூடும் என்பது அவருடைய வரலாற்றை எழுதிய ராட்ஜரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் கோப்பு பார்த்தவரைப் பற்றி ஊர் வம்பு பேசுமா?

அதற்கு முன்பே, 1762 நவம்பரில், லண்டன் மன்றமொன்றில் கனவான்கள் சாண்ட்விச் உண்டதை வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் தம் நாட்குறிப்பில் எழுதிவிட்டார். ரொட்டிக்குள் எதையாவது வைத்து உண்பது அதைவிட மிகப் பழையது: பஸ்கா பண்டிகையில் கசப்புக் கீரையைப் புளிப்பில்லா அப்பத்தோடு சேர்த்து உண்ணும் வழக்கத்தை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹில்லேல் என்ற யூத குருவோடு இணைத்துச் சொல்கிறார்கள்.

பிரபு தந்தது பெயரை மட்டுமே. சாண்ட்விச்சை எளியவர் வீட்டுக்குக் கொண்டு சேர்த்ததில் ஓட்டோ ரோவெடர் என்ற அமெரிக்கரின் பங்கே பெரிது என்பேன். அவர் உருவாக்கிய இயந்திரத்தில் துண்டு போட்ட ரொட்டி 1928 ஜூலையில் மிசௌரி மாநிலத்தின் சில்லிகோத்தே நகரில் விற்பனைக்கு வந்தது. கத்தி பிடிக்கத் தெரியாத குழந்தையும் தன் மதிய உணவைத் தானே அடுக்கிக்கொள்ள முடிந்தது. போர்க்காலச் சிக்கனம் கருதி 1943இல் அமெரிக்க அரசு துண்டு ரொட்டிக்குத் தடை விதித்தது. இல்லத்தரசிகளின் எதிர்ப்பு வலுக்க, இரண்டு மாதங்களுக்குள் அதை விலக்கிக்கொண்டது.

ரொட்டி சென்ற நாடுகளிலெல்லாம் அந்தந்த ஊரின் நாக்கு அதற்குள் புகுந்தது. வியட்நாமியர் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற நீள ரொட்டியைப் பிளந்து ஊறவைத்த காரட், முள்ளங்கி, கொத்தமல்லி, மிளகாய் ஆகியவற்றை நிரப்பினார்கள். மும்பைக்காரர்கள் பச்சைச் சட்னி தடவி, வேகவைத்த உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டையும் அடுக்கினார்கள்.

எங்கள் வேலூரில் கதை வேறு. இங்கே ரொட்டி நெடுங்காலம் காய்ச்சல்காரர் உணவாகவே இருந்தது. பாலில் தோய்த்துக் கொடுப்பார்கள், உடம்பு தேறியதும் இட்லிக்குத் திரும்பிவிடுவார்கள். குளிர்ந்த இறைச்சியை வைத்து மூடிய ஆங்கிலேயரின் சாண்ட்விச் கத்திரி வெயிலில் ஒரு பொழுதுகூடத் தாங்காது. அதனால்தானோ என்னவோ, ரொட்டி எங்களுக்குப் பிடித்துப்போனது அடுப்பில் ஏறிய பிறகே. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் திருமணங்களில் அது நெய்யில் பொரிந்து, பாலிலும் சர்க்கரையிலும் வெந்து, பிரியாணிக்குத் துணையாக பிரெட் அல்வாவாகிறது. தள்ளுவண்டித் தவாவிலோ, வெங்காயமும் பச்சைமிளகாயும் கலந்த முட்டைமேல் இரண்டு துண்டுகளை வைத்து, புரட்டி, மடித்துத் தரும் பிரெட் ஆம்லெட்டாகிறது. அதுவும் முறையான சாண்ட்விச்தான் என்பது என் கட்சி. மாண்டகுவின் சாண்ட்விச்சைப் போலவே அதையும் தட்டில்லாமல் நின்றபடி உண்ணலாம், சுவையோ பல மடங்கு அதிகம்.