நடந்தால் பிடிக்கிற கெண்டைக்கால்

நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும், திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்பவும் பிடிக்கும். வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால், அதுவும் சீனி வருத்தமும் சிகரெட்டும் உள்ள ஆளாக இருந்தால், தயவுசெய்து தைலப் போத்தலைத் தேடாதீர்கள். வாதம் என்று சொல்லி உருவிவிடவும் வேண்டாம். அது பெரும்பாலும் காலுக்குப் போகிற ரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்து வந்த அடைப்பு.

எங்கள் மாமா வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் வரும்போது காலி வீதித் துணிக்கடை வாசல்களில் நின்று நின்று சேலை பார்ப்பார். கூறைச்சேலை எடுக்கவே கடைக்கு வராத மனுசன் என்று மாமிக்கு அப்பவே சந்தேகம்.

கண்டுபிடிக்கிறது பெரிய வேலை இல்லை. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து, கால் அளவைக் கை அளவால் பிரிப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று எடுக்கலாம். ஆனால் சீனி வருத்தக்காரர் பலருக்குக் குழாய்ச் சுவரே கல்லாகிப் போயிருக்கும், அதனால் அளவு நல்லதாகக் காட்டி ஏமாற்றும், அவர்களுக்குக் கால்விரலில்தான் பார்க்க வேண்டும்.

அடைப்பைத் திறக்க உடனே ரத்தக் குழாய்க்குள் பலூன் வைப்பதில்லை. முதலில் சிகரெட்டை விடு, கொலஸ்ட்ரோல் குளிசை போடு, பிறகு நட என்பார்கள். நோகும் வரை நடந்து, நின்று, நோவு போனதும் திரும்ப நடப்பது. மாதக்கணக்கில் செய்தால் நிறையப் பேருக்கு நடக்கிற தூரம் கூடும். மாமாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இரவில் படுத்தால் பாதம் எரிந்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால்தான் நித்திரை. விரலில் ஒரு புண்ணும் ஆறவில்லை.

பலூன் என்றதும் எல்லாரும் இதயத்துக்குச் செய்கிறதைக் காலுக்கும் செய்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் காலில்தான் தொடங்கியது. 1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்ல்ஸ் டொட்டர், காலை எடுக்க விடமாட்டேன் என்று நின்ற 82 வயது அம்மா ஒருவருக்கு, பலூன் இல்லாமல் வெறும் குழாய்களை ஒன்றுக்கு மேல் ஒன்று பெரிதாக விட்டே அடைப்பைத் திறந்தார். அவர் கடைசிவரை சொந்தக் காலில் நடந்தாராம். பலூனைக் கொண்டுவந்தவர் சூரிச்சில் இருந்த அந்திரியாஸ் குருன்ட்சிக், 1974இல், அதுவும் முதலில் காலில்தான். இதயத்துக்கு வந்தது 1977இல்.

மாமாவை மயக்கவில்லை. தொடை இடுக்கில் மட்டும் மரக்க ஊசி போட்டு, அங்கிருந்து மெல்லிய கம்பியை அடைப்புக்குள்ளால் விட்டு, அதன் மேலால் பலூனை அனுப்பி ஊதியிருக்கிறார்கள். படத்தில் குழாய் தெரிய ஏற்றுகிற சாயம் உள்ளே போகும்போது கால் முழுக்கச் சூடு, பலூன் விரியும்போது ஒரு இறுக்கமான நோவு, பலூனைச் சுருக்கியதும் போய்விட்டது என்றார். (அந்தச் சாயம் சிறுநீரகத்துக்கு ஆகாது, அதனால் முதலே ரத்தம் சோதிப்பார்கள்.) முடிந்ததும் ஊசி போட்ட இடத்தை நன்றாக அழுத்திப் பிடித்து, மணிக்கணக்கில் காலை மடக்காமல் படுக்கச் சொன்னார்கள். அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. “மிஸ், எழும்பி ஒரு தேத்தண்ணி குடிக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே கிடந்தார்.

இப்போது புண் ஆறி வருகிறது. சரி, ஆனால் குழாயைத் திறந்ததால் வருத்தம் போய்விடவில்லை. தொடையில் உள்ள நீளமான அடைப்பும் முழங்காலுக்குக் கீழே உள்ளதும் திரும்ப அடைக்கக்கூடியவை, மருந்து பூசிய பலூனும், குழாய் மூடாமல் உள்ளே தாங்கி நிற்கிற ஸ்டென்ட் என்ற வலைக்குழலும் வந்ததே அதனால்தான். மாமாவோ “அதுதான் பலூன் வைச்சாச்சே” என்று மொட்டைமாடிக்குப் போய் ஊதப் பார்க்கிறார், மாமி லைட்டரை ஒளித்து வைத்திருக்கிறார்.

பலூன் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற குளிசையைப் பல்லுப் பிடுங்கப் போகிறேன் என்று தாங்களாக நிறுத்தக் கூடாது, கேட்டுத்தான் செய்ய வேண்டும். கால் திடீரென்று குளிர்ந்து வெளிறி, மரத்து, தாங்க முடியாமல் நொந்தால் கிளினிக் தேதி வரும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அப்படியே ஆட்டோ பிடித்து பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், காலைக் காப்பாற்றச் சில மணித்தியாலங்கள்தான் கிடைக்கும்.