போர்ட் லூயிஸில் 16 படிகள்

மொரீசியஸ் போகிறோம் என்றதும் கவுந்தப்பாடியில் எல்லாரும் கடற்கரையைப் பற்றித்தான் கேட்டார்கள். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது கரும்பு. எங்கள் அப்பாரு காலத்திலிருந்து ஆலை ஆட்டுகிற குடும்பம். பழனி பஞ்சாமிர்தத்துக்கு எங்கள் ஊரில் வந்துதான் நாட்டுச்சர்க்கரை எடுப்பார்கள். அந்த மூட்டைகளில் எங்கள் கொப்பரையில் காய்ச்சியதும் பல வருஷம் போயிருக்கிறது.

மகள் எபேனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தலைநகர் போர்ட் லூயிஸுக்குத் தெற்கே, மேட்டில் இருக்கிற இடம். "ஜூலையில வாங்கப்பா, இங்க கரும்பு வெட்டு அப்பத்தான் நடக்கும்" என்றாள். நமக்கு ஆடிக்காற்று அடிக்கிற நேரம் அங்கே குளிர்காலம். என் வீட்டம்மா துணிமணிக்கு நடுவே இரண்டு கிலோ நாட்டுச்சர்க்கரையையும் கட்டி எடுத்துக்கொண்டாள். நம் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தால் அவர்கள் நேரம் வந்துவிடுகிறது.

விமானம் இறங்கும்போதே சன்னல் வழியாகத் தெரிந்தது. கடலோரம் வரைக்கும் கரும்பு. ஆனால் அந்தப் பச்சைக்கு நடுவே ஆங்காங்கே கருப்பாகக் குவியல்கள். சாணிக் குப்பை போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ரோட்டில் போகும்போது கிட்டத்தில் பார்த்தால் எல்லாம் கல். எரிமலைக் கல். வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. தீவே எரிமலையில் உண்டானது என்பதால் நிலமெல்லாம் பாறை. அதைப் பொறுக்கி அடுக்கிய பிறகுதான் கரும்பு நட முடிந்திருக்கிறது. பொறுக்கியது யார் என்று நான் கேட்கவில்லை, மகளும் அப்போது சொல்லவில்லை.

அடுத்த நாள் ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி போர்ட் லூயிஸ் போனோம். தண்டவாளம் போட்டது நம் எல் அண்ட் டி. மேட்டிலிருந்து இறங்க இறங்கச் சால்வையை மடித்து வைக்க வேண்டியதாயிற்று. ஊர் கடல் மட்டத்தில், மேற்குப் பார்த்த துறைமுகம். முதுகுப்புறம் மலைகள் அரைவட்டமாக வளைத்து நிற்கின்றன. பீட்டர் போத் என்கிற மலை 820 மீட்டர். அதன் உச்சியில் ஒரு பெரிய பாறை, மனுசன் கழுத்துக்கு மேல் தலை வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சென்னிமலை, மருதமலை பார்த்து வளர்ந்தவனுக்கு மலையடிவாரத்து ஊர் என்றால் மனசு ஒட்டிவிடும். 1730களில் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே இதைத் துறைமுகமாகக் கட்டியபோது கொத்தனார், கைவேலைக்காரர்களைப் புதுச்சேரியிலிருந்து கொண்டு வந்தாராம். தமிழர் வந்த கதை அங்கேயே தொடங்கிவிடுகிறது. அவருடைய சிலை துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது.

அருங்காட்சியகத்தில், அந்தத் தீவில் அழிந்துபோன டோடோ பறவையின் எலும்பையும், இன்னொன்றில் 1847ஆம் வருஷத்துத் தபால்தலை இரண்டையும் பார்த்தோம். அந்தத் தபால்தலைகளின் அசல் மேல் கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான் விளக்குப் போடுகிறார்கள். மகளுக்கு அவை பிடிக்கும். எனக்கு மார்க்கெட்தான் பிடித்தது.

அந்த மத்திய மார்க்கெட்டில் என் வீட்டம்மா காலடி எடுத்து வைத்ததும் முகம் மாறிவிட்டது. கீரைக்கட்டு வைத்திருந்த ஒரு அம்மா "முரூம்" என்றார். முருங்கைக்கீரை. பக்கத்தில் "பிபங்காய்", நம் பீர்க்கங்காய். மல்லித்தழைக்கு "கோத்தோமிலி". கறிவேப்பிலைக்கு "காரிபூலே". பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து உண்டான பேச்சுமொழி. அதில் நம் சொற்கள் கல்லில் ஒட்டிய பாசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரசத்துக்கு "ராசோன்" என்றே பேர். வீட்டுக்காரி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொன்னாள், கடைக்கார அம்மா அவர்கள் சொல்லைச் சொன்னார். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு கால்மணி நேரம் நின்றார்கள். அந்த அம்மாவின் பாட்டிக்குப் பாட்டி நம் பக்கத்திலிருந்து வந்தவராம். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.

தெருவோரத்தில் தால் பூரி. கடலைப்பருப்பு மாதிரி ஒரு மஞ்சள் பருப்பை வேகவைத்துப் பொடித்து மாவுக்குள் வைத்துத் தட்டுகிறார்கள். நம் ஒப்புட்டில் வெல்லத்தை எடுத்துவிட்டு மெல்லிசாகத் தட்டின மாதிரி. இரண்டு இரண்டாகத்தான் தருவார்கள், உள்ளே பீன்ஸ் குழம்பும் தக்காளித் தொக்கும் தடவி, காகிதத்தில் சுருட்டி. மீதிச் சில்லறைக்கு வந்த 100 ரூபாய் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். தமிழில் எழுத்து. முகம் ரெங்கநாதன் சீனிவாசன் என்கிற தமிழருடையது, சுதந்திரத்துக்கு முன்பு அங்கே கல்வி அமைச்சராக இருந்தவர். 1998இல் புதிய நோட்டில் தமிழைக் கீழே இறக்கி இந்தியை மேலே ஏற்றிவிட்டார்கள். தமிழர்கள் விடவில்லை. அச்சடித்த நோட்டுகளையே அரசாங்கம் திரும்பப் பெற்றது. வீட்டில் கிரியோல் பேசுகிற மக்கள், நோட்டில் ஒரு வரிக்காக நின்றிருக்கிறார்கள். அந்த நோட்டை நான் செலவழிக்கவில்லை.

பிறகு துறைமுகத்து ஓரத்தில் அப்ரவாசி காட். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களை இறக்கிய இடம். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 2006இல் யுனெஸ்கோ அறிவித்த இடம். பெரிய மாளிகையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இடிந்தது போக மிஞ்சிய சில கற்கட்டடங்கள், ஒரு மருத்துவமனைப் பகுதி, சமையற்கட்டு, கழிப்பறைகள். அப்புறம் கருங்கல்லில் 16 படி. கப்பலில் வந்தவர்கள் இந்தப் படியில் ஏறித்தான் உள்ளே வந்தார்கள்.

அடிமை முறையை 1835இல் ஒழித்தபோது தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வருஷம், 1834 நவம்பர் 2ஆம் தேதி, அட்லஸ் என்ற கப்பலில் 36 பேர் வந்து இறங்கினார்கள். 1920 பக்கம் வரைக்கும் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். கல்கத்தா, மதராஸ், பம்பாய்த் துறைமுகங்களில் ஏற்றினார்கள். 5 வருஷ ஒப்பந்தம். ஆணுக்கு மாதம் 5 ரூபாய் கூலி, கூட அரிசி, பருப்பு. அங்கே கல்லைப் புரட்டினால் கீழே தங்கம் இருக்கும் என்று சொல்லி ஆள் பிடித்ததாக இன்றைக்கும் அந்த ஊரில் கதை சொல்கிறார்கள். அந்தக் கதையை மகள் சொன்னபோதுதான் விமானத்திலிருந்து பார்த்த குவியல்கள் எனக்குப் புரிந்தன.

அங்கே ஒன்று தெரிந்துகொண்டேன். 'டபுள் கட்' என்று ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். மகள் மொழிபெயர்த்துச் சொல்லி முடித்ததும் என் வீட்டம்மா மெதுவாகச் சொன்னாள், "ஏனுங்க, அந்தச் செகப்புத் துண்டுக்காரருக்கு நீங்களும் இப்படித்தானே புடிச்சீங்க."

மூன்று வருஷம் முன்பு நடந்தது. எங்களுக்குக் கரும்பு வெட்ட ஒரு மேஸ்திரி 14 ஆள் கூட்டிக்கொண்டு வருவார். முன்பணம் கொடுத்துத்தான் கூப்பிடுவோம். அதில் எப்போதும் செகப்புத் துண்டு கட்டுகிற ஒருவர், அம்மா இறந்துவிட்டது என்று போய் 9 நாள் கழித்து வந்தார். தைப்பொங்கல் நேரம், சர்க்கரைக்கு நல்ல விலை. வெட்டு தடைப்பட்டு ஆலை இரண்டு நாள் நின்றது. கணக்கு முடிக்கும்போது 9 நாளுக்குப் பதில் 12 நாள் பிடித்தேன். எங்கள் அப்பா அப்படித்தான் செய்வார், அவருக்கு முன்னால் அப்பாருவும். அது தப்பு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அவரும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் சுள்ளென்று இருந்தது. மகள் தண்ணீர் வாங்கப் போனாள்.

இன்னொன்றும் அங்கே சொன்னார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பதிவேட்டில் பேர், தகப்பன் பேர், வயது, ஊர், சாதி, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், வந்த கப்பல். 1860களிலிருந்து புகைப்படமும் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பதிவேடுகள் இப்போது மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. மக்கள் வந்து தேடித் தங்கள் பாட்டனின் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். அவ்வளவு கொடுமை செய்த ஆட்சி, அவர்கள் பேரை எழுதி வைத்திருக்கிறது. என் நோட்டில் "மேஸ்திரி, 14 ஆள்" என்று மட்டும்தான் இருக்கும். 12 வருஷமாக என் கரும்பை வெட்டுகிறவர்களில் மேஸ்திரியைத் தவிர ஒருவர் பேரும் எனக்குத் தெரியாது.

மறுநாள் வடக்கே பாம்பிள்மூஸ் பக்கம் போனோம். தாவரவியல் தோட்டத்தில் தட்டு மாதிரி விரிந்த அமேசான் அல்லி இலைகளை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்திலிருக்கும் போ பிளான் சர்க்கரை ஆலைக்குப் போகிற அவசரம். 1999இல் நின்றுபோன ஆலையை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தச் சின்னத் தீவில் 250க்கு மேல் ஆலைகள் ஓடினவாம். இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். கரும்பை முதலில் கொண்டு வந்தவர்கள் டச்சுக்காரர்கள், 1639இல்.

கடைசியில் பலவகைச் சர்க்கரையைச் சுவை பார்க்கத் தருகிறார்கள். மஸ்கவாடோ என்கிற கருப்புச் சர்க்கரையை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் வாசனை அப்படியே நம் கொப்பரை ஓரத்து வாசனை. ஆனால் நாக்கில் கொஞ்சம் கழித்துக் கசப்பும் புகையும் வருகிறது. அவர்கள் சர்க்கரையைத் தனியே பிரித்தெடுத்தாலும் அதில் பாகுக் கழிவு (மொலாசஸ்) ஒட்டித் தங்குகிறது. நாம் சாற்றை அழுக்கெடுத்துக் காய்ச்சி, பதம் வந்ததும் தொட்டியில் கொட்டித் தேய்த்துவிடுகிறோம், எதையும் பிரித்தெடுப்பதில்லை. சாயங்காலம் மகள் வீட்டில் இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்தேன். நம்முடையது உதிரும், அது ஈரமண் மாதிரி பிடிக்கும். சுக்குக்காப்பிக்கு நம்முடையதுதான். கேக்குக்கு அதுதான் சரி என்றாள் மகள்.

வழியில் ஒரு வயலில் இறங்கினோம். அங்கே ஒரு தடவை நட்டால் ஏழெட்டு வருஷம் கட்டைக்கரும்பு விடுகிறார்கள், அதாவது வெட்டிய கட்டையிலிருந்தே திரும்பத் தழைக்க விடுகிறார்கள். நமக்கு மூன்றாவது கட்டைக்கே விளைச்சல் விழுந்துவிடும். வெட்டிய வயலில் சோகையை, கரும்பின் காய்ந்த இலையை, எரிக்காமல் பரப்பியிருந்தார்கள். 2020இல் வகாஷியோ என்ற கப்பல் தென்கிழக்குக் கரையில் பாறை மேல் ஏறி எண்ணெய் கொட்டியபோது, ஊர் மக்கள் இதே கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து, நீளநீளமாகக் கடலில் மிதக்கவிட்டு எண்ணெயைத் தடுத்தார்களாம். சோகையில் இப்படி ஒரு வேலை இருக்கும் என்று 35 வருஷத்தில் நான் நினைத்ததில்லை. அந்த வயலோரத்துக் கற்குவியலில் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையால் முடியவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் போர்ட் லூயிஸ் ஓரத்திலிருக்கும் கைலாசன் கோயிலுக்குப் போனோம். சொக்கலிங்கம், மீனாட்சியம்மன். தைப்பூசக் காவடிக்கு அந்த நாட்டில் அரசு விடுமுறை. விழா முடிந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்களாம். மகளிடம் மீதியிருந்த நாட்டுச்சர்க்கரையை வீட்டுக்காரி கோயிலில் கொடுத்துவிட்டாள்.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டு, ஆள்கள் பேரையெல்லாம் சொல்லச் சொன்னேன். "எதுக்குங்க? ஏதாச்சும் கேசுங்களா?" என்று பயந்துவிட்டார். இல்லை, நோட்டில் எழுதத்தான் என்றேன். பேர், தகப்பனார் பேர், ஊர். 11 பேருடையது எழுதியாகிவிட்டது. 3 பேர் புதுசு, விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

செகப்புத் துண்டுக்காரர் வெட்டுக்கு வருவதில்லையாம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. வருகிற ஞாயிறு போகிறேன்.