டவர் ஃபுல், நெட் மட்டும் நகராது: சிம் மாற்றும் முன் அளக்க வேண்டியவை

எந்த நிறுவனத்தின் சிம் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அத்தனையும் உண்மையாகவே இருக்கும், ஏனென்றால் ஒரே தெருவில் நாலு வீடு தள்ளிப் போனாலே பதில் மாறிவிடுகிறது. அதனால் பிறர் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், நாம் புழங்கும் இடங்களில் நாமே அளந்து பார்ப்பதுதான் எனக்குக் கைகொடுத்தது. தனிக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு சிம் போடும் போன் இருந்தால் போதும்.

கவரேஜ் மேப்பில் தொடங்கலாம், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் காட்டும் மேப் பெரும்பாலும் கணினிக் கணிப்பு. டவரின் உயரம், ஆன்டெனாவின் திசை, நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றை வைத்துத் திறந்தவெளியில் எவ்வளவு சிக்னல் கிடைக்கும் என்று கணக்கிட்டு வண்ணம் தீட்டுகிறார்கள். உங்கள் வீட்டுச் சுவர் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே மேப்பைக் கழிப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்: நிறமே இல்லாத நிறுவனத்தை விட்டுவிடலாம், நிறம் இருப்பதை இனிமேல்தான் சோதிக்க வேண்டும். பயனர்களின் போன்களிலிருந்து திரட்டிய செல்மேப்பர் போன்ற மேப்கள் கூடுதல் உதவி. எந்த டவர் எந்தப் பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) ஒலிபரப்புகிறது என்பதுவரை அதில் கிடைக்கும். யாரும் போகாத தெருக்கள் மட்டும் அதில் வெறுமையாக இருக்கும்.

அடுத்து போனின் பேண்டுகள். பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அப்படியல்ல. ஒரே தூரம், ஒரே மாதிரி ஆன்டெனா என்று வைத்துக்கொண்டாலே 700-ஐ விட 3500-இல் 14 டெசிபல் கூடுதலாக இழப்பு ஏற்படும், அதாவது வந்து சேரும் சக்தி 25-இல் ஒரு பங்கு. சுவர் குறுக்கே வந்தால் இன்னும் மோசம். எனவே நிறுவனம் உங்கள் பகுதியை 700-ஐ (பேண்ட் 28) நம்பி நடத்திக்கொண்டிருக்க, உங்கள் போனில் பேண்ட் 28 இல்லையென்றால் எந்தப் பிளான் எடுத்தும் பயனில்லை. அமைப்புகளில் போனின் மாடல் எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்குரிய பேண்ட் பட்டியலைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்த மாடலில் பேண்டுகள் வேறாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த போன்களில் பிரச்சினை கிளம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி அளவு. திரையின் மூலையில் தெரியும் சிக்னல் கோடுகளை மறந்துவிடுங்கள். எத்தனை டிபிஎம்முக்கு (சிக்னல் வலிமையை அளக்கும் அலகு) எத்தனை கோடு என்று பொது விதி கிடையாது, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார். பார்க்க வேண்டியது எண்ணைத்தான். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஃபீல்டு டெஸ்ட் திரை வரும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் போன் விவரம், சிம் நிலை என்று போனால் சிக்னல் வலிமை டிபிஎம்மில் இருக்கும். பல மாடல்களில் *#*#4636#*#* வேலை செய்யும். நெட்மான்ஸ்டர் செயலியைப் போட்டுக்கொண்டால் எல்லாம் ஒரே திரையில் தெரியும்.

முதல் எண் ஆர்.எஸ்.ஆர்.பி, அதாவது டவரின் சிக்னல் போனுக்கு எவ்வளவு வலிமையாக வந்து சேர்கிறது என்பது. அது −90-க்கு மேலே இருந்தால் கவலையில்லை. −100 வரை ஓடும். −110-ஐத் தாண்டிக் கீழே போனால் சிரமம் தொடங்கும், −120-ஐ நெருங்கினால் எப்போது அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது. இதை மதிப்பெண் போலப் படிக்கக் கூடாது: 3 எண் இறங்கினால் சக்தி பாதி, 10 எண் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு. இரண்டாவது எண் எஸ்.ஐ.என்.ஆர். சிக்னல் எவ்வளவு தெளிவாக, இரைச்சலும் பக்கத்து டவரின் குறுக்கீடும் கலக்காமல் வருகிறது என்பதை இது காட்டும். 20-க்கு மேல் அருமை, 10 வரை நன்று, பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் வலிமை எவ்வளவு இருந்தும் வேகம் வராது. இரண்டு டவர்களுக்கு நடுவில், ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும்.

அளக்கும்போது அறையின் நடுவில் நின்று ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஜன்னலோரம் −95 காட்டும் போன் மேசைக்கு வந்ததும் −107 காட்டும், படுக்கைக்குப் போனால் −113. போனின் விளிம்பை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தால் இன்னும் சில எண்கள் இறங்கும். போனை மேசையில் வைத்து, அரை நிமிடம் தொடாமல் காத்திருந்து, எண் நிலைத்தபின் குறிக்க வேண்டும். வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி ஜன்னல் 20 டெசிபலுக்கு மேல் விழுங்கிவிடும். ஜன்னலைத் திறந்தும் மூடியும் பார்த்தால் உடனே புரியும்.

போனின் சக்தியையும் கணக்கில் வையுங்கள். டவர் பத்துக்கணக்கான வாட்டில் பேசுகிறது. போன் திருப்பிப் பேசுவதோ பெரும்பாலும் அதிகபட்சம் 0.2 வாட்டில். அதனால் எல்லையோரத்தில் வீடியோ ஓடும், ஆனால் நீங்கள் அனுப்பிய படம் வாட்ஸ்அப்பில் கடிகாரக் குறியோடு அப்படியே நிற்கும். வீடியோ அழைப்பில் எதிராளி உங்களுக்குத் தெளிவாகத் தெரிவார், நீங்கள்தான் அவருக்கு உறைந்துபோய்த் தெரிவீர்கள். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்து சிம்மைத் தேர்ந்தெடுத்தால் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

சிக்னல் குறைவும் நெரிசலும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. காலையில் −85-இல் நன்றாக ஓடிய நெட் இரவு எட்டு மணிக்குமேல் அதே −85-இல் தவழ்ந்தால் அது நெரிசல். கூடவே சிக்னலின் தரத்தைக் காட்டும் ஆர்.எஸ்.ஆர்.க்யூ என்ற எண்ணும் −9 போன்ற அளவிலிருந்து −14, −15 என்று இறங்கியிருக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி சேனலில், வழக்கமான இரண்டு ஆன்டெனா அமைப்பில், உச்ச வேகமே விநாடிக்கு ஏறக்குறைய 75 மெகாபிட்தான். அந்த டவரின் அந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லோரும் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆள் கூடினால் பங்கு சுருங்கும். ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் சிக்னல் குறைவு தீரும், நெரிசல் தீராது. வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கு வலுவான காரணமும் இதுதான். ஆகவே சோதனையை ஒரு காலை, ஒரு மதியம், ஒரு இரவு என்று பிரித்துச் செய்யுங்கள், விடுமுறை நாள் இரவையும் சேர்த்து.

சோதிக்கும் சிம்மை இ-சிம்மாக வாங்குவது எளிது. சில நிறுவனங்கள் குறுகியகால இலவச இ-சிம் தருகின்றன, இல்லையென்றால் இருப்பதிலேயே சின்ன ப்ரீபெய்ட் பிளான் போதும். வைஃபையை அணைத்துவிட்டு, டேட்டாவைப் புதிய சிம்முக்கு மாற்றுங்கள். சிம்களுக்கிடையே டேட்டா தானாக மாறும் வசதி இருந்தால் அதையும் கட்டாயம் அணையுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் சிக்னல் விழுந்ததும் போன் சத்தமில்லாமல் பழைய சிம்முக்குத் தாவி, அதன் வேகத்தைப் புதியதன் வேகமாகக் காட்டிவிடும்.

ஸ்பீடு டெஸ்டிலும் ஒரு சிக்கல் உண்டு. செயலி தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பல நேரங்களில் அதே நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும், வெளி இணையத்தின் நெரிசல் அதில் தெரியாது. சர்வரைக் கையால் மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள். ஃபாஸ்ட்.காம் நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களிலிருந்து அளக்கிறது, எனவே மற்றச் சோதனையில் 60 மெகாபிட் வந்து இதில் மட்டும் 2, 3 என்று நின்றால் பிளானில் வீடியோவுக்குக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 15 விநாடி ஓடும் ஒரு சோதனை 190 மெகாபைட் வரை தின்னும், சின்ன பிளானை அதிலேயே தீர்த்துவிட வேண்டாம்.

எண்களில் உச்சத்தை விடக் குறைந்தபட்சத்தைத்தான் மதிப்பேன். ஒரு நேரம் 200, இன்னொரு நேரம் 1 என்று ஆடும் சிம்மை விட எந்நேரமும் 10 தரும் சிம் மேல். வீடியோ அழைப்புக்கு இரு பக்கமும் 3, 4 மெகாபிட் போதும், ஆனால் பிங் (தகவல் போய்த் திரும்பி வர ஆகும் நேரம்) 100 மில்லிவிநாடிக்குள் நிலையாக இருக்க வேண்டும்.

5ஜி என்ற எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல இடங்களில் 5ஜி இன்னும் 4ஜியின் தோளில் ஏறித்தான் ஓடுகிறது. கட்டுப்பாடு 4ஜியில் இருப்பதால், 5ஜி அலை எட்டாத மூலையிலும் எழுத்து மட்டும் தெரியலாம். விளிம்பில் இருக்கும் வீட்டில் போன் இரண்டுக்குமிடையே தாவித்தாவி பேட்டரியைக் கரைக்கும். அங்கே 4ஜி என்று நிறுத்திவைப்பதே நல்லது.

மலிவு விலையில் சிம் விற்கும் நிறுவனங்கள் சிலவற்றுக்குச் சொந்த டவர் கிடையாது, பெரிய நிறுவனத்தின் டவரை வாடகைக்கு எடுத்து நடத்துகின்றன. சிக்னல் எண் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். ஆனால் நெரிசல் நேரத்தில் டவர் தன் சொந்த வாடிக்கையாளருக்கு முன்னுரிமை தரும்படி அமைத்திருக்கலாம். வோல்ட்டியும் (4ஜி வழியாகவே பேசும் வசதி) வைஃபை காலிங்கும் உங்கள் போன் மாடலுக்கு உண்டா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். வோல்ட்டி இல்லையென்றால் அழைப்பு வந்ததும் போன் 3ஜி அல்லது 2ஜிக்கு இறங்கும், பேசி முடிக்கும்வரை நெட் தவழும் அல்லது நிற்கும். பழைய வலைகளை மூடிவிட்ட இடத்தில் அழைப்பே வராது.

முடிவெடுத்தபின் பழைய இணைப்பை நீங்களாக ரத்து செய்யாதீர்கள், எண் கையைவிட்டுப் போகும். போர்ட் (அதே எண்ணோடு புதிய நிறுவனத்துக்கு மாறுவது) முடிந்ததும் பழையது தானாகவே அணையும். அதற்கு முன்பே போன் ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் லாக் நீக்கியதா, நிலுவைத் தொகை இருக்கிறதா, பெயரும் விவரங்களும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். போர்ட் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இவற்றால்தான். சில வங்கிகள் சிம் மாறியதும் கொஞ்ச நேரம் ஓடிபியை நிறுத்திவைக்கும், எனவே அவசரப் பணம் அனுப்ப வேண்டிய நாளில் இதைத் தொடாதீர்கள். புதிய சிம்மில் அழைப்பு போகிறது, நெட் மட்டும் வரவில்லை என்றால் டேட்டா எந்த சிம்மில் இருக்கிறது என்று பாருங்கள், பிறகு ஏ.பி.என் அமைப்பை (நிறுவனத்தின் இணைய வாசலைக் குறிக்கும் அமைப்பு) திறந்து பழைய நிறுவனத்தின் பெயர் இருந்தால் மாற்றி, ஏரோபிளேன் மோடைப் பத்து விநாடி போட்டு எடுங்கள்.