சாம்பல் நிறச் சுவிட்ச்

பெப்ரவரி 8, 2025, புதுக்குடியிருப்பு

சின்னம்மாவின் மகள் லாப்டொப்போடு வந்து நிற்கிறாள். விண்டோசோடு வரும் அன்டிவைரசான டிஃபென்டரில், வைரசை உடனுக்குடன் தடுக்கும் ரியல்டைம் பாதுகாப்பு நின்றுபோயிருக்கிறது. சுவிட்ச் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, அமத்தினால் அசையாது. இதை உங்கள் நிர்வாகி கவனிக்கிறார் என்று மேலே ஒரு வரி. "அண்ணா, ஆர் அந்த நிர்வாகி?" என்கிறாள். நியாயமான கேள்வி.

பாடசாலைக் கணக்கு எதுவும் இணைக்கப்படவில்லை. வேறு அன்டிவைரசும் இல்லை. போன மாரியில் ஒரு கடையில் விண்டோஸ் 11 போட்டதாம். அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

பெப்ரவரி 9

விண்டோஸ் ஹோம் பதிப்பு, நிர்வாகி விதிகளை மாற்றும் குரூப் பொலிசி எடிட்டர் அதில் கிடையாது. விண்டோசின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைப் பிரதியெடுத்து வைத்துவிட்டு, அதன் பொலிசீஸ் பகுதிக்குள் டிஃபென்டரைத் தேடினேன். ரியல்டைம் கண்காணிப்பை நிறுத்தும் வரியில் 1 என்று இருந்தது. அதை அழித்து ரீஸ்டார்ட் செய்ததும் சுவிட்ச் உயிர்பெற்றது.

டிஃபென்டரின் அமைப்புகளை வேறு மென்பொருள் மாற்றாமல் காக்கும் டாம்பர் புரொடெக்ஷனும் அணைந்திருந்தது. 2019 முதல் விண்டோசோடு வரும் பாதுகாப்பு அது. வீட்டுக் கணினிகளில் தானாகவே போட்டிருக்கும். ரெஜிஸ்ட்ரி வழியாக அதை அணைக்க விடாது. ஆகவே யாரோ திரைக்கு முன்னால் இருந்து கையால் அணைத்திருக்கிறார்கள்.

சுவிட்ச் திறந்ததும் எழும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். டிஃபென்டர் சோதிக்காமல் விடும் இடங்களின் விலக்குப் பட்டியலைப் பார்க்காமல் போகக் கூடாது. இங்கே சி டிரைவ் முழுவதும் அதற்குள் இருந்தது! வாசலில் காவலாளியை இருத்திவிட்டு, வீட்டுக்குள் பார்க்காதே என்று சொன்ன மாதிரி. அதை நீக்கினேன், டாம்பர் புரொடெக்ஷனைப் போட்டேன்.

பெப்ரவரி 10

கரண்ட் இல்லை. பற்றரியை நம்பி ஒஃப்லைன் ஸ்கேன் தொடங்க மனமில்லை. சித்தப்பா அருவிவெட்டில், அவரிடம் பேசவும் முடியவில்லை.

பெப்ரவரி 11

ஒஃப்லைன் ஸ்கேன் விண்டோஸ் எழும்பும் முன்பே ஓடுவது. கால் மணித்தியாலம் போதும். வரலாற்றில் பெயர் விழுந்தது: ஹாக்டூல், ஓட்டோகேஎம்எஸ். லைசன்ஸ் வாங்காமலே விண்டோசை வாங்கியதாகக் காட்டும் திருட்டு அக்டிவேஷன் கருவி. அந்த முறையில் செய்த அக்டிவேஷன் 180 நாளைக்குத்தான்; புதுப்பிக்க வேண்டுமென்றால் கருவி உள்ளேயே தங்க வேண்டும். டிஃபென்டரை ஏன் கட்டிப்போட்டார்கள் என்று இப்போது விளங்குகிறது. பின்னால் வேறு என்ன வந்தாலும் அதே கதவால்தான் வந்திருக்கும். கடவுச்சொற்களை என் கணினியில் மாற்றச் சொன்னேன்.

"அப்ப விண்டோஸ் நிண்டுபோமோ?" என்று சின்னம்மா கேட்டா. நிற்காது. மூலையில் அக்டிவேட் செய்யச் சொல்லி எழுத்து வரும், வோல்பேப்பரை அமைப்பில் மாற்ற விடாது. டிஃபென்டரும் அப்டேட்டும் ஓடும். லைசன்ஸ் காசை நெல்லு விற்றபின் பார்ப்போம் என்றா.