சிசேரியன் ஆன பெண்களிடம் பேசப் போகும் முன்: சென்னைக் கள அனுபவம்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இதற்கு முந்தைய ஆய்வில் (2015-16) மாநில அளவு 34.1 ஆக இருந்தது. ஆபரேஷன் வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், அவருக்கு என்ன புரிந்தது, கையெழுத்துப் போட்டது யார் என்பதெல்லாம் இந்த எண்களில் கிடையாது. அதை அவரிடமே போய்த்தான் கேட்க வேண்டும். சென்னையில் அப்படிக் கேட்கும் வேலையில் எங்கள் குழு கற்றதை, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில் அனுமதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளைப் பின்பற்றும், பதிவு பெற்ற நெறிமுறைக் குழு ஒன்றின் ஒப்புதல் வேண்டும். மருத்துவமனைக்குள் போய்ப் பேசுவதாக இருந்தால் அந்த மருத்துவமனை சேர்ந்திருக்கும் கல்லூரியின் குழுவையும் அணுக வேண்டியிருக்கும். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை சென்னை மருத்துவக் கல்லூரியோடும், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடும் இணைந்தவை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ரிப்பன் மாளிகையில் உள்ள பொது சுகாதாரத் துறையின் கடிதம் தேவை. மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும்.

விண்ணப்பத்தில் பலரும் விட்டுவிடுவது வயது பற்றிய பிரிவு. 18 வயதுக்குக் கீழே கருவுற்ற பெண்ணைப் பற்றித் தெரியவந்தால், 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிக்கும் கடமை உண்டு. இன்று 20 வயதுள்ள ஒருவர், "முதல் குழந்தை 17 வயசுல" என்று இயல்பாகச் சொல்லக்கூடும். அப்போது என்ன செய்வது என்று பேட்டியின் நடுவே யோசிக்க முடியாது. நெறிமுறைக் குழுவோடு பேசி முன்பே எழுதி வைத்து, ரகசியம் காப்பதற்கு உள்ள இந்த எல்லையை ஒப்புதல் படிவத்திலும் சொல்லிவிட வேண்டும். படிவத்தைப் படித்துக் காட்டுவதும் குரல்பதிவுக்குத் தனியாகச் சம்மதம் வாங்குவதும் கட்டாயம். கைரேகை வைப்பவருக்கு எங்கள் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் வேண்டும்.

பெண்களைச் சந்திக்க ஏற்ற இடம் சுகாதார நிலையத்தின் புதன்கிழமைத் தடுப்பூசி நாள். ஆறு வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையோடு வருவார்கள், தையல் பெரும்பாலும் ஆறியிருக்கும், நினைவும் மங்கியிருக்காது. ஆனால் அங்கே பேட்டி எடுக்கக் கூடாது. ஊசி போட்ட குழந்தை அழும், ஆட்டோ வெளியே நிற்கும், சிஸ்டர்கள் காதில் விழும் தூரத்தில் இருப்பார்கள். பெயரும் போன் எண்ணும் வாங்கி, வீட்டுக்கு வரச் சம்மதமா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "பிரசவம் எங்க நடந்துச்சு?" என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் வழக்கத்தால், வியாசர்பாடியில் குடியிருப்பவர் விழுப்புரத்தில் பெற்றிருப்பார். தி.நகரில் நாம் சந்திப்பவர் மதுரையில் வாழ்க்கைப்பட்டவராக இருப்பார். சென்னை மருத்துவமனைகளைப் பற்றிய ஆய்வு என்றால் இந்த ஒரு கேள்வி இல்லாமல் பட்டியல் முழுக்கத் தவறாகிவிடும்.

இன்னொரு சிக்கல், நம்மை யாரென்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பது. 18,000 ரூபாய் மதிப்புள்ள முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியின் பணம் பல தவணைகளாக வருவதால், கையில் ஃபைலோடு வருகிறவர்களிடம் "பணம் எப்ப ஏறும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் பணத்துக்கும் நமக்கும் தொடர்பில்லை, நம்மிடம் என்ன சொன்னாலும் அது நிற்காது என்று இரண்டு முறையாவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாப் பதிலும் "நல்லா பாத்துக்கிட்டாங்க" என்பதிலேயே நின்றுவிடும்.

வீட்டுக்குப் போக நல்ல நேரம் முற்பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் தூங்க வைத்த பிறகு தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு அது. பேட்டியை முக்கால் மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பால் கொடுக்க எழுவார், அப்போது பதிவை நிறுத்திவிட வேண்டும். தையல் போட்டவருக்குத் தரையில் உட்கார்ந்து எழுவது சிரமம். அவர் கட்டிலிலேயே இருக்கட்டும், நாம் பக்கத்தில் தரையில் உட்காரலாம். ரெக்கார்டரை மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில், தலையணை மேல் வைத்தால் குரல் தெளிவாக விழும்.

எப்போதும் இருவராகப் போங்கள். மாமியாரோ அம்மாவோ அருகில் இருந்தால் கதையை அவர்களே சொல்லி முடிப்பார்கள். அவர்களை வெளியே இருக்கச் சொல்வது மரியாதையும் இல்லை, பலனும் இல்லை. நம்மில் ஒருவர், "அம்மா, பத்தியம் என்னென்ன கொடுத்தீங்க?" என்று கேட்டபடி சமையலறைப் பக்கம் போய்விடலாம். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பிரசவ மருந்து என்று அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும். அதையும் உண்மையான பேட்டியாகவே எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஆபரேஷன் ஆன பெண்ணுக்கு எதைக் கொடுத்தார்கள், தண்ணீரைக் குறைத்தார்களா என்பது தாய் நலத்தில் முக்கியமான தகவல்.

இனி கேள்விகள். "ஏன் ஆபரேஷன் பண்ணாங்க?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை உறவினர்கள் பலமுறை கேட்டு முடித்திருப்பார்கள். குற்றம் சாட்டுவதாகவே அது அவர் காதில் விழும், தற்காப்பாக ஒரு வரியில் பதில் வரும். வலி எப்போது தொடங்கியது, யாரோடு மருத்துவமனைக்குப் போனார், என்ன சொல்லிப் படுக்க வைத்தார்கள் என்று நேர வரிசையில் போனால் அவரே அந்த இடத்துக்கு வந்துவிடுவார். "பனிக்குடம் உடைஞ்சிருச்சு", "தண்ணி வத்திப்போச்சு", "கொடி சுத்திக்கிச்சு", "குழந்தை உள்ளயே மோஷன் போயிருச்சு", "ஊசி போட்டும் வலி வரல" என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள், மருத்துவச் சொல்லாக மாற்ற வேண்டாம். கையெழுத்து பற்றித் தனியாகக் கேளுங்கள்: யார் போட்டார், படிவம் எந்த மொழியில் இருந்தது, வலியின் நடுவில் நீட்டினார்களா? முடிவெடுக்கும் நிலையில் உள்ள வயது வந்த பெண்ணின் சம்மதத்தை அவரிடமிருந்தே பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008 சமிரா கோலி வழக்கில் தெளிவாக்கியது. ஆனாலும் "அவர்தான் போட்டாரு" என்று கணவரைக் காட்டும் பதில் வரும். காப்பர் டி போட்டது முன்பே தெரியுமா என்பதையும், நல்ல நேரம் குறித்துக் கொடுத்தது யார் என்பதையும் கடைசிப் பகுதியில், குரலில் எந்தத் தீர்ப்பும் இல்லாமல் கேட்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்க்கக் கேட்க வேண்டும். எங்கள் முறையில் நாங்கள் விட்டுக்கொடுக்காத வரிசை இது. முதலிலேயே ஃபைலைத் திறந்தால் அவர் அதிலுள்ளதைப் பார்த்துச் சொல்லத் தொடங்குவார், அவர் அறிந்தது என்ன என்பது மறைந்துவிடும். தாளில் "ஃபெயில்டு இன்டக்‌ஷன்" (வலி வரவழைக்கப் பார்த்தும் வரவில்லை) என்று இருக்கும், அவர் "குழந்தை வெயிட்டு" என்பார். எது சரி என்று நாம் அங்கே தீர்க்கப் போவதில்லை. இரண்டையும் அடுத்தடுத்த கட்டங்களில் எழுதுங்கள். அந்த இடைவெளிதான் இந்த ஆய்வின் மையம். சம்மரி தொலைந்திருந்தால், 2002 மருத்துவக் கழக விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லலாம். கேட்பதும் விடுவதும் அவர் விருப்பம்.

சம்மரியிலிருந்தும் தாய் சேய் நல அட்டையிலிருந்தும் ஆறு விவரங்கள் போதும்: முன்பு எத்தனை பிரசவம், முன்பு சிசேரியன் உண்டா, வலி தானாக வந்ததா அல்லது வரவழைத்ததா அல்லது வலிக்கு முன்பே ஆபரேஷனா, எத்தனை குழந்தை, எத்தனை வாரம், குழந்தை கிடந்த நிலை. இவற்றை வைத்து, பிரசவங்களை வகை பிரித்து சிசேரியன் அளவை ஒப்பிட உதவும் ராப்சனின் பத்துப் பிரிவுகளில் ஒன்றில் சேர்த்துவிடலாம். முதல் குழந்தை, ஒற்றைக் கரு, தலை கீழே, 37 வாரம் நிறைந்து தானாக வலி வந்தது என்றால் பிரிவு 1. அதே நிலையில் வலி வரவழைத்தாலோ வலிக்கு முன்பே ஆபரேஷன் என்றாலோ பிரிவு 2. முன்பு சிசேரியன் ஆனவர், ஒற்றைக் கரு, தலை கீழே, 37 வாரம் நிறைந்தது என்றால் பிரிவு 5. பிரிவு 1-ஐயும் 2-ஐயும் கலந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வலியை வரவழைக்க ஊசி போட்டார்களா, ஏற்கெனவே வந்த வலியைக் கூட்டப் போட்டார்களா என்பது சம்மரியில் தெளிவாக இருக்காது. அதற்கு அவர் சொன்ன நேர வரிசைதான் கைகொடுக்கும்.

மனநிலைக்கு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளைத் தமிழில் பயன்படுத்துகிறோம். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், ஆய்வை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவரைத் தனியே விட்டுக் கிளம்பக் கூடாது. அவர் நம்பும் ஒருவரை வரவழைத்து, அன்றே மருத்துவரிடம் கொண்டுசேர்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அவர் முன்னிலையிலேயே பேசலாம். காய்ச்சல், தையலில் சீழ், அதிக ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவை கண்ணில் பட்டாலும் அன்றே மருத்துவமனைதான். முதுகில் போட்ட ஊசியால்தான் இடுப்பு வலி என்பது போன்ற பேச்சுகளைப் பேட்டியின்போது திருத்த வேண்டாம், ரெக்கார்டரை அணைத்த பின் பொறுமையாக விளக்குங்கள். குழந்தையை இழந்தவரிடம் தெரியாமல் "குழந்தை எங்க?" என்று கேட்டுவிடும் கொடுமையைத் தவிர்க்க, மருத்துவமனைப் பட்டியலிலிருந்து பெயர் எடுத்திருந்தால் முன்பே பகுதி சுகாதார செவிலியரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். எழுத்தாக்கமும் வகைப்படுத்தலும் தமிழிலேயே நடக்கட்டும், ஆங்கிலம் வெளியிடும் கட்டத்தில் வந்தால் போதும். பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று எண்ணாதீர்கள். சின்ன நர்சிங் ஹோமில் மூன்று குழந்தைகள் ஒன்றாகப் பெற்றவர் என்று எழுதினாலே தெருவுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பேட்டிகளில் மருத்துவமனை வகை, பகுதி, பிரசவ மாதம் மூன்றில் இரண்டையாவது நீக்குகிறோம். பெயரும் எண்ணும் உள்ள பட்டியல் பூட்டிய அலமாரியில் தனியே இருக்கும். மேற்கோள் காட்டப் போகும் வரிகளை வெளியிடும் முன் அந்தப் பெண்ணுக்குப் போனில் வாசித்துக் காட்டுகிறோம். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறோம்.