பார்லரில் மிதவைத் தொட்டி: முதல் உப்பு தென்னைக்குப் போனது

மிதவைத் தொட்டி என்பது உப்பு கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருவர் மூழ்காமல் மிதந்தபடி படுத்து ஓய்வெடுக்கிற, மூடி போட்ட தொட்டி. அதை வைக்கப்போகிறோம் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது தொட்டியின் விலை. தொட்டி ஒரு வாரத் தலைவலி. உப்புதான் எங்களை மூன்று மாதம் ஆட்டி வைத்தது. அதனால் இடம், லைசன்ஸ், வரி, தொட்டி எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லிவிட்டு உப்புக்கு வருகிறேன்.

முதலில் எடை. எங்கள் தொட்டியின் உள்ளளவு 2.3 மீட்டருக்கு 1.2 மீட்டர். 25 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பினால் 690 லிட்டர். ஆள் மிதக்கிற அளவுக்கு உப்பு கரைந்த தண்ணீர் லிட்டருக்கு 1.27 கிலோ, ஆக 876 கிலோ. தொட்டியும் படுப்பவரும் சேர்ந்தால் 1,100-ஐத் தாண்டும். தரையில் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் உட்காரும். வீட்டு மாடிகளுக்கு ஐ.எஸ். 875 (கட்டடம் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தர விதி) வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோதான். வீடாகக் கட்டிய கட்டடத்தின் மாடியில் பார்லர் நடத்துகிறவர்கள் இங்கேயே நின்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். நாங்கள் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமைக் காலி செய்துவிட்டோம்.

லைசன்ஸ். விண்ணப்பத்தில் ‘மிதவை சிகிச்சை’ என்று எழுதியது பெரிய தப்பு. “சிகிச்சைன்னா டாக்டர் யாரும்மா?” என்று முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சொல் இருந்தால் பேச்சு 1997-ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்குப் போய்விடுகிறது. இரண்டாம் தடவை வேறொருவர் இருந்தார். “தொட்டியில ஆள் இறங்குறாங்களா? அப்ப நீச்சல் குளம். லைஃப் கார்டு சர்டிபிகேட் கொண்டாங்க.” முழங்காலுக்குக்கூட எட்டாத தண்ணீருக்கு லைஃப் கார்டு! மூன்றாம் தடவை, ‘உப்பு நீர்த் தொட்டி, ஒருவர் மட்டும், ஆழம் 25 செ.மீ., உடல் தளர்வுச் சேவை’ என்று எழுதி, அளவு போட்ட வரைபடம் ஒன்றையும் இணைத்தோம். பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது. வரைபடத்தை முதல் நாளே கொண்டு போங்கள். விலைப்பட்டியல், போர்டு, பில் எதிலும் ‘சிகிச்சை’ வேண்டாம்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு குழி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைக்கு 18 சதவீதம் போய் 5 சதவீதம் வந்தது. கூடவே உள்ளீட்டு வரி வரவும் போய்விட்டது. தொட்டி, பம்ப், கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். “அது இனி எடுக்க முடியாதுங்க” என்று ஆடிட்டர் சொன்னபோது பில் போட்டாகிவிட்டது. பட்ஜெட்டை வரியோடு சேர்த்தே போடுங்கள்.

தொட்டியைக் கோவைப் பக்கத்து எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) பட்டறையில் செய்ய வைத்தோம். “ஏனுங்க, மீன் வளர்க்கவா?” என்றுதான் மேஸ்திரி ஆரம்பித்தார். பிறகு நன்றாகவே செய்து கொடுத்தார். அவரிடம் சொல்ல வேண்டியவை மூன்று. உள்பக்கம் உப்பைத் தாங்கும் ஐசோ ரெசினும் வழுவழுப்பான ஜெல் கோட்டும் (மேல் பூச்சு) வேண்டும். மூடியின் உட்புறம் வளைவாக இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் ஆவி குளிர்ந்து, படுத்திருப்பவர் மூக்கின் மேல் சொட்டும். மூடிக்குத் தாழ்ப்பாளே கூடாது, உள்ளிருந்து ஒரு விரலால் தள்ளினால் திறக்க வேண்டும். நாங்கள் கோட்டைவிட்டது வேறு இடத்தில். வாசல் அகலத்தை அளந்தோம், வாசலுக்கு முன்னால் இருக்கிற நடைத் திருப்பத்தை அளக்கவில்லை. இரண்டரை மீட்டர் நீளத் தொட்டி அந்த மூலையில் திரும்பவே இல்லை. வந்த டாடா ஏஸிலேயே பட்டறைக்குத் திரும்பி, குறுக்கே வெட்டி, ஃபிளாஞ்சும் (இணைக்கும் விளிம்பு) காஸ்கெட்டும் (கசிவைத் தடுக்கும் பட்டை) வைத்து, இரண்டு துண்டாக மறுபடி வந்தது. அட்டையை அதே அளவுக்கு வெட்டி நடையில் ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் அந்த வண்டி வாடகை மிச்சம்.

இனி உப்பு. வேண்டியது மெக்னீசியம் சல்ஃபேட், ஏழு நீர் மூலக்கூறு கொண்டது. ஊர் வழக்கில் எப்சம் உப்பு. அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. எங்கள் தொட்டிக்கு 430 கிலோ உப்பு, 445 லிட்டர் தண்ணீர். 25 கிலோ மூட்டையாகப் பதினெட்டு வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும்.

வியாபாரி “எல்லாம் ஒண்ணுதானுங்க” என்று உர கிரேடு அனுப்பிவிட்டார். கரைக்கும்போது லேசாக மங்கலாக இருந்தது, வடிகட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். கிருமிநாசினியாக ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிய மறுநாள் காலை மூடியைத் திறந்தால், உள்ளே பால் விடாத டீ. உப்பில் கலந்திருந்த இரும்பு பெராக்சைடு பட்டதும் துருவாகப் பிரிந்துவிட்டது. வடிகட்டி ஒரு மணி நேரத்தில் அடைத்தது. இரும்பு இருக்கிற வரை ஊற்றுகிற பெராக்சைடும் நிற்காது, சிதைந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரை மீட்க வழி இல்லை.

கொட்டுவதும் சுலபமில்லை. செப்டிக் டேங்கில் விட்டால் மெக்னீசியம் சல்ஃபேட் சிமென்ட்டை அரிக்கும். பெராக்சைடு அடங்கும்வரை இரண்டு நாள் விட்டு, டேங்கரில் ஏற்றி, ஒரு தென்னந்தோப்புக்கு அனுப்பினோம். தென்னைக்கு மரத்துக்கு அரைக் கிலோ வீதம் மெக்னீசியம் சல்ஃபேட் வைப்பது விவசாயிகளுக்குப் பழக்கம்தான். நம் கரைசலில் லிட்டருக்கு 600 கிராமுக்கு மேல் உப்பு இருப்பதால் நன்றாக நீர் கலந்து, ஒரே மரத்தில் கொட்டாமல் பரப்பச் சொல்லுங்கள்.

மூட்டையை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. கண்ணாடி பாட்டிலில் ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர், ஒரு கிலோ உப்பு, நாலைந்து சொட்டு பெராக்சைடு. ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மஞ்சளோ அடியில் வண்டலோ தெரிந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். மூட்டையின் மேல் மெக்னீசியம் 9.5 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று இருந்தால் அது ஏழு நீர் உப்பு. 16, 17 என்று இருந்தால் ஒற்றை நீர் உப்பு. அது லேசில் கரையாமல் அடியில் மணலாகக் கிடக்கும். இரண்டாம் முறை நாங்கள் ஐ.பி. கிரேடு (மருந்துத் தரம்) வாங்கினோம்.

தண்ணீரிலும் இதே கதைதான். போர் தண்ணீரின் கடினத்தன்மையும் இரும்பும் தொட்டிக்கு ஆகாது. சிறுவாணித் தண்ணீர் வருகிற தெருவாக இருந்தால் அதிர்ஷ்டம். அது மென்மையான தண்ணீர். ஆனால் லாரித் தண்ணீரோடு ஒரே சம்ப்பில் கலந்துவிட்டால் பிரயோஜனம் இல்லை. மற்றவர்களுக்கு ஆர்.ஓ.தான்.

கரைக்கும் நாளில் இன்னொரு வேடிக்கை. இந்த உப்பு கரையும்போது தண்ணீரைக் குளிர்விக்கும். 430 கிலோவும் கரைந்து முடிய ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். 28 டிகிரி தண்ணீரில் ஆரம்பித்தால் பாதியில் பானைத் தண்ணீர் போலச் சில்லிட்டு, மீதி உப்பு கரைய மறுக்கும்; ஹீட்டர் கெட்டுவிட்டது என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவீர்கள். 445 லிட்டரையும் 50 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றிவிட்டு மூட்டைகளைப் பிரியுங்கள். எல்லாம் கரைந்து முடியும்போது 33, 34-இல் வந்து நிற்கும். வேலை செய்ய வேண்டிய சூடு 34.5 முதல் 35.5 வரை, அதாவது உடம்பின் தோல் சூடு. இதில் அரை டிகிரி குறைந்தாலும் இருபதாவது நிமிடத்தில் ஆள் எழுந்துவிடுவார். தொட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட்டிங் பேடு போதும். அதன் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின் கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம், எர்த்தைத் தனியாகச் சோதித்துவிடுங்கள்.

அடர்த்தி அளக்க ஆன்லைனில் தேடி அலைய வேண்டாம். கார் பேட்டரி கடையில் ஆசிட் பார்க்கிற ஹைட்ரோமீட்டர் 1.100 முதல் 1.300 வரை காட்டும், நமக்குத் தேவை அதற்குள்ளேதான். புதிதாக வாங்குங்கள், ஆசிட் தொட்டதை வாங்காதீர்கள். ஒவ்வொருவர் தோலிலும் தலைமுடியிலும் கொஞ்சம் கரைசல் வெளியே போகும். 1.27 இருந்தது 1.26 ஆனால் மறுபடி 1.27 வரும்வரை உப்பு போட வேண்டும். ஆவியாகி மட்டம் இறங்கி அடர்த்தி ஏறியிருந்தால் வெறும் ஆர்.ஓ. தண்ணீர்.

பம்புக்குப் பேர்போன கோவையில் இருந்துகொண்டு பம்பில் ஏமாந்ததுதான் இன்னும் ஆறவில்லை. கடைக்காரர் கொடுத்தது வார்ப்பிரும்பு மோனோபிளாக் பம்ப். எட்டாவது நாள் ஷாஃப்ட் சீலில் (சுழலும் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு) கசிவு, அதைச் சுற்றி கற்கண்டு போல வெள்ளைப் படிகம். கசிகிற சொட்டு காய்ந்து படிகமாகும், அந்தப் படிகமே சீல் முகத்தை அறுக்கும். போதாததற்கு 1.27 அடர்த்தியைத் தள்ள மோட்டார் கால் பங்குக்கு மேல் அதிகம் இழுத்து, ஓவர்லோடில் நின்று நின்று ஓடியது. கேட்க வேண்டியது சீலே இல்லாத, காந்தத்தால் சுழலும் பாலிபுரொப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) மேக்னெடிக் டிரைவ் பம்ப். கடையில் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம் (எஸ்.ஜி. என்றால் தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி): “எஸ்.ஜி. 1.3-க்கு மோட்டார் போட்டுக் கொடுங்க.” வேலை முடிந்ததும் பம்பிலும் குழாயிலும் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஓட்டிவிடுங்கள். இரண்டு பேருக்கு நடுவில் மொத்தத் தண்ணீரும் குறைந்தது மூன்று நான்கு முறை வடிகட்டி, யு.வி. வழியாகச் சுற்றி வர வேண்டும். அதற்கு எங்களுக்கு முப்பது நிமிடம் ஆகிறது. ஒரு மணி நேர மிதவை என்றால் ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம். பத்து மணி நேரம் கடை திறந்தாலும் ஆறு பேர்தான். வருமானக் கணக்கை இதை வைத்துப் போடுங்கள்.

பெராக்சைடு 35 சதவீதம், ஃபுட் கிரேடு. 690 லிட்டரில் 50 பி.பி.எம். (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) ஏற்ற சுமார் 90 மில்லி. கையில் பட்டால் தோல் வெள்ளையாக வெந்துவிடும், கிளவுஸும் கண்ணாடியும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். குளோரினோடு சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும், கடைசியில் தண்ணீரில் கிருமிநாசினியே இருக்காது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இங்கே செல்லாக்காசு, பெராக்சைடு ஸ்டிரிப்பும் பிஹெச் ஸ்டிரிப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறைத் தரையில் டைல்ஸ் இடுக்குக்குச் சிமென்ட் வேண்டாம், எபாக்ஸி. வழவழ டைல்ஸில் உப்புத் தண்ணீர் பட்டால் எண்ணெய் கொட்டியது மாதிரிதான், சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள். பக்கத்து அறை ஹேர் டிரையர் சத்தம் தண்ணீருக்குள் காதை வைத்தால் நன்றாகவே கேட்கிறது. தொட்டிக்கடியில் ரப்பர் பேடு போட்டும் முழுசாகப் போகவில்லை, மிதவை நேரத்தில் அந்த நாற்காலிக்கு புக்கிங் எடுப்பதில்லை.

பார்லரின் மற்ற வேலைகளோடு இது மோதும். வேக்ஸிங், திரெடிங் முடித்த கையோடு இறக்கினால் எரிச்சலில் கத்துவார்கள். மிதவை முதலில், மற்றதெல்லாம் பிறகு. புதிதாக டை அடித்த தலையை, அலசும் தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை விடாதீர்கள். வலிப்பு நோய், திறந்த புண், தொற்றும் தோல் நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விடுவதில்லை. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும். கண்ணில் உப்பு பட்டால் அடிக்க நல்ல தண்ணீர் ஸ்பிரே கைக்கெட்டும் இடத்தில் தொங்கட்டும்.

வடிகட்டிப் பையைக் கழற்றினால் முதலில் வருவது ஸ்டிக்கர் பொட்டு. ஷவருக்கு முன் நெற்றியைப் பார்த்துவிடச் சொல்லி உதவிப் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறோம், அப்படியும் வாரத்துக்கு இரண்டு மூன்று மாட்டுகிறது. அதைவிட மோசம் தேங்காய் எண்ணெய். மேலே ஏடாகப் படர்ந்து பையை அடைத்துவிடும். ஒரு தடவை ஷாம்பூ போதாது, இரண்டு தடவை. செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவர்கள் அதிகம் என்பதால் அந்த இரண்டு நாளும் மதியம் ஒரு புக்கிங்கைக் காலியாக விட்டுப் பையை மாற்றுகிறோம்.