ஆகாய கங்கைக்கு அப்பாவுடன்

அக்டோபர் 9, வியாழன்

இன்றும் அப்பா மாடிப்படியில் பத்து தடவை ஏறி இறங்கினார். வயது 66. கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு இறங்கியே தீருவேன் என்கிறார். சின்ன வயதில் அவர் குளித்து வளர்ந்தது புளியஞ்சோலையில். மலைமேல் அருவியாக விழும் ஐயாற்றுத் தண்ணீர்தான் கீழே அங்கே வருகிறது. அது விழும் இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். அதற்கு மேல் எனக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

அக்டோபர் 11, சனி

விடிகாலையில் நாமக்கல்லில் பஸ் ஏறினோம். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறும்போதே காற்று சில்லென்று மாறிவிட்டது. மேலே வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி.

அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு டிக்கெட் வாங்கி இறங்க ஆரம்பித்தோம். ஆயிரத்துக்கும் மேல் படிகள். ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி. செங்குத்தான இடங்களில் அப்பா கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்தார். முட்டிக்குச் சிரமம் குறைய அது ஒரு வழி. நான் நேராக இறங்கி, பாதி வழியிலேயே தொடை நடுங்க உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் சத்தம் வந்தது. அப்புறம் சாரல். அருவி கண்ணில் படும் முன்பே சட்டை நனைந்துவிட்டது. சுற்றிலும் பாறைச்சுவர், நடுவே சுமார் 300 அடி உயரத்திலிருந்து தண்ணீர். விழும் வேகத்தில் கிளம்பும் காற்று ஆளைத் தள்ளுகிறது. அப்பா அருவிக்கு அடியில் போகவில்லை. எட்ட நின்று, ஓடி வந்த தண்ணீரை இரண்டு கையிலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

"அதே வாசம்டா" என்றார். வெகுநேரம் அங்கேயே நின்றார். நானும் கூப்பிடவில்லை.

ஏறுவதுதான் உண்மையான நடை. முப்பது படிக்கு ஒரு தடவை நின்றோம். இரண்டு பேருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதவே போதாது, பாதியிலேயே தீர்ந்துவிட்டது. மேலே வந்துசேர இரண்டு மணி நேரம் ஆனது. கடையில் முடவாட்டுக்கால் சூப் குடித்தோம். பெயரைக் கேட்டு ஆட்டுக்கால் என்று நினைக்க வேண்டாம், பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் செடியின் கிழங்கு. மிளகு தூக்கலாக, தொண்டைக்கு இதமாக இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

கெண்டைக்கால் இரண்டும் கல். அப்பா காலையிலேயே எழுந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "நாம பார்த்த தண்ணி இந்நேரம் புளியஞ்சோலையைத் தாண்டியிருக்கும், இல்ல?"

தாண்டியிருக்கும்ப்பா என்றேன். அடுத்த மாதம் அங்கே போகிறோம்.